பாதிப் பாட்டு

"அண்ணா, இந்தக் கார்டுல ஒரு பாட்டு ஏத்தித் தர்றீங்களா?"

தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிர்லதான் மாதேஷோட செல்போன் கடை. நகத்தளவு மெமரி கார்டு ஒண்ண மேசை மேல வெச்சுட்டு நின்னா அந்தப் பொண்ணு.

பாட்டுன்னு சொன்னாப் போதும், மாதேஷுக்கு வாய் நிக்காது.

"ஒண்ணு என்னம்மா, ஐநூறு ஏத்தலாம்! எந்த ஊரு?"

"வத்தல்மலைங்க."

"அப்ப டவுன்லோடுதான் உனக்கு லாயக்கு! டவரும் வேணாம், நெட்டும் வேணாம். நடுக்காட்டுல உக்காந்துகூட கேக்கலாம். ஒருதடவ எறக்கிட்டா காலத்துக்கும் நம்மளுது!"

"காலத்துக்குமா?"

"பின்ன? நீயா அழிச்சாத்தான் போவும்."

"அப்ப ஏத்திருங்க"ன்னு பாட்டோட பேரச் சொன்னா. போன வருசம் திருவிழா திருவிழாவா அதிர வெச்ச டப்பாங்குத்து!

பக்கத்து ஸ்டூல்ல இருந்த குரு, மாதேஷ் காதக் கடிச்சான். அவனும் அதே மலைக்காரன்தான்.

"டேய், இவ தங்கராஜ் பொண்டாட்டி சின்னபொண்ணு. பெங்களூர்ல சாரத்துல இருந்து வுழுந்து செத்தான்ல, அவன் பொண்டாட்டி. இருபது நாளுகூட ஆவலடா!"

மாதேஷுக்கு மூஞ்சியே மாறிப்போச்சு. மவுஸ்ல இருந்து கைய எடுத்துட்டான்.

"ஏம்மா, சாவு வுழுந்த வூடு. சாமி பாட்டு ஏத்தித் தர்றேன், எடுத்துட்டுப் போ."

"வேணாங்கண்ணா. அதுதான் வேணும்."

"நாலு பேரு என்னா பேசுவாங்க?"

"பேசிட்டுத்தாங்க இருக்காங்க."

குருவுக்குப் பொறுக்கல. சத்தமாவே சொன்னான்: "புருசனப் பொதச்ச மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள குத்துப்பாட்டு கேக்குது!"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. ஆனா கார்ட எடுக்கல.

"ரெண்டு மணி பஸ்ஸ வுட்டா மலைக்கு வேற பஸ்ஸு இல்லீங்கண்ணா."

மாதேஷ் கடுப்போட எறக்கினான். 'கேளு, ஊரே கேக்கட்டும்'னு கடை ஸ்பீக்கர்ல ஃபுல் சவுண்டு வேற வெச்சான்.

மேளம் தடதடன்னு கெளம்புச்சு. ரோட்டுல போனவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. சின்னபொண்ணு மட்டும் மேசைய கெட்டியாப் புடிச்சுட்டு, கண்ண மூடி நின்னா.

மேளம் ஓஞ்சு பாட்டு எடுத்து ரெண்டு வரி போயிருக்கும்.

"அண்ணா, நிறுத்துங்க! இங்கதான்... இதோட வெட்டிருங்க. மேல வேணாம்."

"ஏம்மா, இதுக்கு மேலதான பாட்டே இருக்குது!"

சின்னபொண்ணு முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா.

"இது அவுரு வெச்சிருந்த காலர் டியூனுங்க. தெனமும் சாயந்தரம் டவர் கெடைக்கற பாறைல ஏறி, பெங்களூருக்குப் போன் போடுவேன். இப்ப போட்டா சுச்சாஃப்னு வருது."

மாதேஷ் கை மவுஸ்லயே நின்னு போச்சு. குரு ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சுட்டான்.

"இதுக்கு மேல நான் கேட்டதே இல்லீங்கண்ணா. இந்த எடத்துல அவுரு போன எடுத்துருவாரு."