செவலையின் எடை

காப்பகத்து நாய்களுக்கு வேறு வீடு அமையும்வரை வைத்திருந்து தேற்றி அனுப்புவது மனைவியின் வேலை. வாராவாரம் எடை எழுதுவது கணவனின் வேலை. நாய் தனியாக எடை மெஷினில் நிற்காது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். வரும் எண்ணில் அவளுடைய ஐம்பத்தெட்டைக் கழித்து, மீதியை அவன் நோட்டில் எழுதுவான்.

செவலை என்ற நாய் வந்ததிலிருந்து அவனுக்கு வயிற்றெரிச்சல். ஒன்பது வருஷத்தில் அவனை ஒருநாளாவது "தங்கமே" என்றிருப்பாளா? அதற்கு மட்டும் மூச்சுக்கு முந்நூறு தங்கம்.

"பதினாலு கிலோதான். இன்னும் தேறலைங்க," என்று அவள் தடுத்தும், ஞாயிற்றுக்கிழமை அவனே அதைப் புது வீட்டில் விட்டுவிட்டு விசிலடித்தபடி வந்தான்.

மறுநாள் அவள் வெறுங்கையோடு மெஷினில் ஏறினாள். எழுபத்திரண்டு.

"மெஷின் மக்கர் பண்ணுது," என்று பேட்டரியை மாற்றினான். மறுபடியும் எழுபத்திரண்டு.

அடுத்த வாரம் அவள் ஏறியபோது எழுபத்து நான்கு. அந்நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. புது வீட்டு அம்மாள்.

"நாய் நல்லா ஓடியாடிக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா தூக்கினா கனமே இல்லீங்க."

சட்டென்று வைத்துவிட்டான்.

"யாருங்க?"

"ராங் நம்பர்."

அவள் இறங்கவில்லை. கைகளை மார்போடு அணைத்திருந்தாள்.

"ரெண்டு கிலோ தேறிட்டான், இல்ல?"

அவள் உள்ளே போனதும் அவன் ஏறிப் பார்த்தான். எழுபது. போன வருஷமும் எழுபதுதான். அவளைப் போலவே கைகளை அணைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

எழுபதுதான்.