பாதி டர்போ

வேகம் கூட்டும் டர்போ மாட்டக் கொடுத்திருந்த பைக்கைப் பட்டறையிலிருந்து எடுத்துக்கொண்டு போன அக்கா புருஷன் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எப்படி மாமா?" என்று ஆவலாகக் கேட்டான் மெக்கானிக் தம்பி.

"டர்போவா மச்சான் அது? பேய்! மூணாவது கியர்ல ஆளையே பிடுங்கிட்டு ஓடுது!"

"விசில் சத்தமும் கேட்டுச்சா?"

"காதே கிழிஞ்சுபோச்சு!"

"நேத்து இப்படி இல்லையா?"

"நேத்து அது எருமைடா!"

அக்கா பதறினாள். "இதுல பின்னாடி உக்காந்து நான் எப்படித் தினமும் வேலைக்குப் போறது?"

"சரி, பாதியாக் குறைச்சிடு மச்சான். உங்கக்கா பயப்படுறா பாரு" என்றார் மாமா, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். காலையிலிருந்து அவன் பிரேக்கை மட்டுமே சரிசெய்திருந்தான். இன்னும் பெட்டியைவிட்டே வெளியே வராத டர்போவில் பாதியை எப்படிக் குறைப்பது?