ஓரத்தில் நிற்பவர்கள்

“ஐயோ, வெட்டாதீங்க!” அவள் பாய்ந்து கணவரின் கையைப் பிடிப்பதற்குள் மவுஸ் சொடுக்கியது. திரையில் படத்தின் இடது ஓரம் காணாமல் போனது. அங்கே பாதி உடலாக நின்றிருந்த அக்காவும் போனாள்.

“கேமராவைத் தொட்டு ஒரு மாசம் ஆகலை, அதுக்குள்ள என்னையே தடுக்கறியா?” ஸ்டூடியோ நடத்துபவர் அவர். “ஓரத்துல அரை ஆளா யாரும் நிக்கக் கூடாது. முழுசா வை, இல்லைன்னா வெட்டித் தள்ளு.”

அவள் பதறியதற்குக் காரணம் இருந்தது. போன வாரம் இப்படித்தான் ஒரு படத்தின் மூலையிலிருந்த நாயை வெட்டினார். அன்று மாலை வாசலில் நாய் இல்லை. அதைக் கட்டியிருந்த சங்கிலியும் இல்லை.

அவசரமாக அக்காவுக்கு போன் செய்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது பதிவுக் குரல்.

“என்னங்க, அக்கா...”

“எந்த அக்கா? நீ ஒத்தப் பொண்ணுன்னுதானே உன்னைக் கட்டினேன்?”

அவர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே விழித்தார்.

அடுத்த வாரம் அவள் புதிய படம் ஒன்றைக் கொண்டுவந்தாள். நடுவில் பூந்தொட்டிகள். வலது ஓரத்தில் பாதி முகமாக அவர்.

“நீ ஜென்மத்துக்கும் உருப்படமாட்டே! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!”

“எனக்குக் கை வரலைங்க. நீங்களே வெட்டிக் குடுங்க.”

தலையில் அடித்துக்கொண்டு அவர் மவுஸைப் பிடித்தார்.

அந்தப் படத்தை அவள் தெரியாமல் எடுக்கவில்லை. காலை முழுக்க கேமரா ஸ்டாண்டை நகர்த்தி நகர்த்தி, அவரைச் சரியாக ஓரத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பட்டனை அழுத்தியிருந்தாள்.