கோட்டை வாசலில் சொன்னது

ஊதுபத்தியை அவள் கையில் கொடுத்தார்கள்.

புதிய கோவில். மரவாசனை இன்னும் போகவில்லை. நடுவில் அவள் கணவனின் சிலை. கவசம், வாள், நிமிர்ந்த தலை.

உயிரோடு இருந்தபோது அவன் லேசாகக் கூன் போட்டு நடப்பான்.

தகேனோரி. அந்தப் பெயர் தெரியாத ஆள் இப்போது அந்த நாட்டில் இல்லை. சந்தைகளில் கதை சொல்கிறவர்கள் அவனை வைத்துத்தான் கூட்டம் சேர்த்தார்கள். தெருப்பிள்ளைகள் மூங்கில் குச்சியோடு தகேனோரியாகிச் செத்துச் செத்து விளையாடினார்கள். ஆற்றங்கரைக் கோட்டையை விட்டு வந்துவிடும்படி பிரபு ஆளனுப்பியும் வர மறுத்து, பிரபுவுக்காக உயிரைக் கொடுத்த சாமுராய்.

அப்படித்தான் கதை பரவியிருந்தது.

மேடையில் பிரபு உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்துவிட்டது. பக்கத்தில் அவள் மகன் செய்ஜிரோ. கோட்டையில் கைக்குழந்தையாக இருந்தவன். இன்று இடுப்பில் இரண்டு வாள்.

கீழே வரிசையாக, அந்தக் கோட்டையிலிருந்து உயிரோடு வெளியே வந்த வீரர்கள்.

"யோரிதா, அவனோட கடைசி வார்த்தையை எல்லாரும் கேக்கட்டும்" என்றார் பிரபு.

யோரிதா எழுந்தான். தகேனோரியின் சிநேகிதன். தகேனோரியின் கழுத்தில் இறங்கியது அவன் வாள்தான். வேறு யார் கையும் வேண்டாம் என்று தகேனோரியே கேட்டுக்கொண்டான்.

"'என் பிரபு வாழ்க'ன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அவள் துடைக்கவில்லை. அன்று அவளும் வாசலில் நின்றிருந்தாள்.

எதிரி கோட்டையைச் சுற்றி வளைத்திருந்தான். பனி விழுவதற்குள் படை வரும் என்று பிரபு வாக்குக் கொடுத்திருந்தார். பனி விழுந்தது. உருகியது. மரப்பட்டையை வேகவைத்துத் தின்றார்கள். அப்புறம் குதிரைச் சேணத்தின் தோலை. தகேனோரி தன் பங்கில் பாதியை அவள் பக்கம் தள்ளிவிடுவான். குழந்தைக்குப் பால் சுரக்க வேண்டுமே.

ஒரு நாள் காலை, மதில்மேல் இருந்தவன் கத்தினான். நம்ம கொடி!

நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் ஓடினார்கள்.

நம் கொடிதான்.

அதை ஒட்டியே எதிரியின் கொடியும் வந்துகொண்டிருந்தது.

வாசல்வரை வந்தவன் யோரிதா மட்டும்.

"சமாதானம் ஆயிடுச்சு. கோட்டையை அவங்களுக்கே கொடுத்தாச்சு. மத்தவங்க எல்லாரும் போகலாம். உன் தலையை மட்டும் கேக்குறாங்க."

"பிரபு சம்மதிச்சாரா?"

யோரிதா தரையைப் பார்த்தான்.

"வந்திருக்காரா?"

"வரலை."

தகேனோரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். கதவைத் திறக்கச் சொன்னான். வெட்டுவது யோரிதாவின் கையாகவே இருக்கட்டும் என்றான்.

வெளியே போகும்போது யோரிதாவின் தோளைத் தொட்டான்.

"முதல்ல இவங்களுக்குக் கஞ்சி குடு. தண்ணியா குடு. காஞ்சு கிடந்த வயிறு. சோத்தைப் போட்டா செத்துருவாங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

மேடையில் பிரபு மறுபடி பேச ஆரம்பித்தார்.

"மறுபடியும் போர் வருது. அந்தக் கோட்டை இப்ப நம்ம கையில. அப்பன் காத்த கோட்டையை இனி பிள்ளை காக்கட்டும். செய்ஜிரோ, நீ முன்னால போ. படை உன் பின்னாலேயே வரும்."

செய்ஜிரோ நெற்றி தரையில் படக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கண்கள் ஜொலித்தன.

அவள் எழுந்தாள்.

"பிரபு, அவர் அப்படிச் சொல்லலை."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"உங்க பேரையே எடுக்கலை. இவங்களுக்குக் கஞ்சியைத் தண்ணியா குடுக்கச் சொன்னார். வாசல்ல நின்னு நான் கேட்டேன். இவங்களும்தான் கேட்டாங்க."

பிரபு கோபப்படவில்லை. முகத்தில் இரக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"பாவம், மனசு கலங்கியிருக்கு. யோரிதா, அப்படி ஏதாவது சொன்னானா?"

யோரிதா அவளைப் பார்த்தான். பிறகு சிலையைப் பார்த்தான்.

"இல்லை பிரபு."

அவள் வீரர்கள் பக்கம் திரும்பினாள். சிலருக்குத் தொப்பை விழுந்திருந்தது. சிலர் மடியில் பேரப்பிள்ளைகள். அந்தக் கஞ்சியைக் குடித்துப் பிழைத்தவர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது.

"அம்மா" என்றான் செய்ஜிரோ. காது மடல்வரை சிவந்திருந்தான். "உட்காருங்க."

ஊதுபத்தியின் சாம்பல் அவள் விரலில் விழுந்தது.

உட்கார்ந்தாள்.

செய்ஜிரோ கோட்டைக்குப் புறப்பட்ட அன்று அவள் அரிசி வண்டியில் ஏறி மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள். யார் சொல்லியும் இறங்கவில்லை. அவன் குதிரையைத் தட்டிவிட்டான். வழி நெடுகத் தன் ஆட்களுக்கு முன்னாலேயே போனான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மலைத் திருப்பத்தில் கோட்டை தெரிந்தது.

ஆட்களை முன்னால் அனுப்பிவிட்டுக் குதிரையிலிருந்து இறங்கி நின்றான். தாங்கள் வந்த பாதையைப் பார்த்தான். வெகுதூரம்வரை தெரிந்தது. அதில் யாரும் வரவில்லை. தூசிகூட இல்லை.

வண்டி அருகே வரும்வரை நின்றான். பிறகு வண்டியோடு சேர்ந்து நடந்தான்.

"அம்மா" என்றான். வண்டிக்காரனுக்குக் கேட்காத குரல்.

"அன்னிக்கு வாசல்ல அப்பா யோரிதாகிட்ட என்னதான் சொன்னார்? முதல்லேர்ந்து சொல்லுங்க."