வடக்குப் பக்கம்

“தெற்கே பாருங்க,” என்றாள் சில்கே. “அந்தக் காட்டுக்குப் பின்னால ஏரி இருக்கு. எங்க வீடு அந்தக் கரையிலதான்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டியபடியே நின்றாள். 

ஹென்னிங்கின் அப்பா ஊவே, விரல் போன திசையில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அம்மா கெசினா அங்கே பார்க்கவில்லை. சில்கேயின் முகத்தைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு தலையசைத்தார்.

இலையுதிர் காலத்தில் ஹென்னிங்குக்கும் அவளுக்கும் கல்யாணம். அவனுக்கு இன்று வேலை. ஹாம்பர்க்கிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய இருவரையும் சுற்றிக்காட்டும் பொறுப்பு அவளுடையது. ரூர் சுரங்கப் பிரதேசம் முழுவதையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம் என்று இந்தக் குன்றுக்கு அழைத்து வந்தாள்.

முழுவதையும் காட்டினால் எதையும் தனியாகக் காட்ட வேண்டியதில்லை.

ஹாம்பர்க்கில் முதன்முதலில் யாரோ வீடு எங்கே என்று கேட்டபோது ஏரிக்கரை என்று வாயில் வந்துவிட்டது. அதைத் திருத்த ஒரு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வரவேயில்லை.

குன்று என்பது பேச்சுக்குத்தான். நிலக்கரியோடு வெளியே வந்த கல்லையும் மண்ணையும் பல தலைமுறைகளாகக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு.

“இதெல்லாம் வெட்டிப் போட்ட குப்பையா?” ஊவேக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “எங்க ஊர்ல மாடு எழுந்து நின்னா அதுதான்மா மலை!”

அவள் சிரித்தாள். சிரிக்க முடிந்ததில் கொஞ்சம் நிம்மதி.

எஸ்ஸன் எங்கே முடிகிறது, கெல்சன்கிர்ஷன் எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்தால் இங்கே பிறந்தவர்களுக்கே தெரியாது. ஓர் ஊர் இன்னோர் ஊருக்குள் ஊற்றிவிட்டதுபோல் கிடக்கும். பழைய எரிவாயுத் தொட்டியைக் காட்டினாள். கால்வாயில் ஊர்ந்த படகை, சக்கரம் நின்றுபோன சுரங்கக் கோபுரங்களை, மேற்கே டியூஸ்பர்க்கின் உலைகள் விட்ட வெண்புகையைக் காட்டினாள். நடுநடுவே எவ்வளவு மரங்கள் பாருங்கள் என்றாள்.

வடக்கு மட்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

“கெசினா, இங்க வந்து பாரேன்!” ஊவே அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார். “ஒரு தெரு முழுக்கச் சிவப்பாத் தொங்குது. கட்சிக் கூட்டமா இருக்குமோ?”

சில்கே திரும்பினாள்.

குன்றின் காலடியில், கரி சுடும் ஆலையின் வேலியை ஒட்டி, சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பு. புகை படிந்த செங்கல் வீடுகள். ஒவ்வொரு ஜன்னலிலும் சிவப்பு. மேசை விரிப்பு, கால்பந்துக் கொடி, துருக்கிக்காரர் வீட்டில் கம்பளம். ஓரத்து வீட்டில் யாரோ கிறிஸ்துமஸ் தாத்தாவின் அங்கியையே தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மாடி ஜன்னலில் பழைய மெத்தையுறை.

அந்த உறையின் மேல்தான் அவள் பள்ளி முடியும்வரை தூங்கியிருக்கிறாள்.

வியாழக்கிழமை தன் அம்மாவிடம் போனில், வீட்டுக்கு வர நேரம் இருக்காது, குன்றுக்கு மட்டும்தான் போகிறோம் என்று அவள் சொன்னபோது அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, மேலேர்ந்தாவது காட்டுடி,” என்றாள். ஒரு வீட்டில் மட்டும் சிவப்பு தொங்கினால் கண்ணில் படாமல் போய்விடுமோ என்று தெரு முழுக்கப் போய்க் கேட்டிருக்கிறாள்.

“துணி காயப்போட்டிருப்பாங்க,” என்றாள் சில்கே. “இந்தப் பக்கத்து ஜனங்க அப்படித்தான்.”

“எல்லாமே சிவப்பாவா?” ஊவே சிரித்தார். “ஒரு வீட்டுச் சாயம் தெருவுக்கே ஏறிடுச்சு போல!”

அவளும் சிரித்தாள். சிரித்த வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கெசினா கழுத்திலிருந்த மஞ்சள் ஸ்கார்ஃபை அவிழ்த்தார். ஏறிவந்ததில் வியர்த்திருக்கும் என்று சில்கே நினைத்தாள். அவரோ வடக்கு விளிம்புக்குப் போய், அதை உயரத் தூக்கி மெதுவாக ஆட்டினார். நிறுத்தி, மறுபடி ஆட்டினார்.

“யாருக்கு டாட்டா காட்டுறே?” என்றார் ஊவே.

கெசினா சில்கே பக்கம் திரும்பாமலே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நேத்து உங்கம்மாகிட்ட போன்ல பேசினேம்மா. மேல வந்ததும் கையாட்டுறேன்னு சொல்லியிருக்கேன். பைனாகுலரோட உட்கார்ந்திருப்பாங்களாம்.”

அப்பாவின் பைனாகுலர். ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயப் புறாக்கள் வீடு திரும்புகின்றனவா என்று பார்க்க வாங்கியது. தூரத்தில் வரும் புள்ளி நம்முடையதா, பக்கத்து வீட்டுடையதா என்று அப்பா அதில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

குன்றின் உச்சியில் மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. மேலே ஒருவர் கையை நீட்டினால்கூட, வானத்தில் மையால் கோடு போட்டதுபோல் கீழே தெரியும். குடியிருப்பில் வளர்ந்த குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த விஷயம். யார் யாரோடு மேலே போய் நின்றார்கள் என்று இரவுச் சாப்பாட்டுக்குள் தெரு முழுக்கப் பேசிவிடும்.

சில்கேக்கு அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது; தெற்கே நீட்டி நின்ற தன் கையும்.

கையைத் தூக்கி ஆட்ட நினைத்தாள். கை எழவில்லை.

தெரு முழுக்கச் சிவப்பு அப்படியே தொங்கியது. நடுவிலிருந்த மாடி ஜன்னலில் மட்டும் யாரோ மெத்தையுறையை மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.