எட்டாவது கேள்வி

எட்டாவது கேள்விக்கு வந்தபோது காக்வா என் பேனாவைப் பார்த்தார்.

இருபத்தொன்றாம் நாள். கடைசி நேர்காணல்.

மற்ற கேள்விகளில் நோயின் அளவைச் சொல்லும் எண் இறங்கியிருந்தது. தூக்கம் பூஜ்யம். பேச்சின் வேகம் பூஜ்யம்.

எரிச்சலுக்கு எண் போட அவரே உதவினார். "இன்னைக்கும் பீன்ஸ்தான் போட்டாங்க, முசாவோ. ஒண்ணு போட்டுக்கங்க."

மருத்துவமனையில் சீருடை போட்ட எல்லாரும் அவருக்கு முசாவோதான், டாக்டர்தான்.

மூன்று வாரத்துக்கு முன் அவர் இந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. கம்பாலா சந்தையில் பழைய காலணி விற்கிறவர். ஆறு இரவு தூங்காமல் இருந்து, ஏழாம் நாள் காலையில் கடையிலிருந்த அத்தனை ஜோடியையும் வழியில் போனவர்களுக்குக் கொடுத்துவிட்டு, டாக்ஸி நிலையத்தின் நடுவில் நின்று வண்டிகளுக்கு வழி காட்டியிருக்கிறார். போலீஸ் கொண்டுவந்து விட்டது. அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு மருந்து ஆய்வில் சேர்த்துவிட்டுப் போனார்.

பைபோலாரில் மனம் தலைகால் தெரியாமல் எழும் கட்டத்துக்கு இரண்டு மருந்துகள். ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டும் ஒரே மஞ்சள் உறைக்குள் வரும். காக்வாவுக்கு எது போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. பழைய மருந்து விரலை நடுங்க வைக்கும். ஒவ்வொரு முறையும் அவர் விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பேன். அப்படிப் பார்க்கக் கூடாது.

எண் போடுகிறவள் நோயாளியைப் பற்றி வார்டில் யாரிடமும் பேசவும் கூடாது. அவர்கள் சொல்வது எண்ணைச் சாய்த்துவிடும். அந்தப் பக்கம் டீ குடிக்கக்கூட நான் போவதில்லை.

முதல் நாள் அவர் என் பெயரைக் கேட்டார். அகெல்லோ என்றேன்.

கைதட்டிச் சிரித்தார். வடக்கே இரட்டைக்கு அடுத்துப் பிறந்த பெண்ணுக்குத்தானே அந்தப் பெயர் என்றார். சரிதான். என் அக்காமார் இருவரும் குலுவில் தையல் கடை வைத்திருக்கிறார்கள்.

தன்னைச் சலோங்கோ என்று கூப்பிடச் சொன்னார். இரட்டைப் பிள்ளை பெற்றவனுக்கு அவருடைய மக்கள் தரும் பட்டம் அது. தெற்கே வேலைக்கு வந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

கோப்பில் 'வீட்டில் குழந்தைகள்: இல்லை' என்று இருந்தது. அண்ணன் சொன்னது.

இரட்டையர் எங்கே என்று கேட்டேன்.

அவர் உள்ளங்கையை ஜன்னல் பக்கம் மெல்ல உயர்த்தினார். "பறந்துட்டாங்க."

எட்டாவது கேள்வி நம்பிக்கைகளைப் பற்றியது. நடக்காத ஒன்றை நடந்ததாக உறுதியாக நம்பினால் எட்டு. எட்டுப் போட்டேன்.

ஏழாம் நாள் கொஞ்சம் தூங்கியிருந்தார். அதே கை. அதே சொல். எட்டு.

பதினான்காம் நாள் நிதானமாகப் பேசினார். நாற்காலியை எனக்கு வசதியாக நகர்த்திக்கூட வைத்தார். அதே கை. அதே சொல்.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. மருந்து எல்லாவற்றையும் தொட்டிருந்தது. இதை மட்டும் ஏன் தொடவில்லை? தூக்கம் திரும்பிவிட்ட மனிதனுக்குள் இது மட்டும் எப்படி அசையாமல் நிற்கிறது? இதற்காக நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தேன்.

அன்று எழுந்து போகும்போது, தன்னை எது இங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டார். மசாக்காவில் மனைவி தனியாக இருக்கிறாளாம்.

எட்டாவது கேள்வி என்றேன். கடைசி நாளும் அதில் எண் விழுந்தால் இன்னும் நான்கு வாரம் இங்கேதான் என்றேன். இதையும் நான் சொல்லியிருக்கக் கூடாது.

இன்று மறுபடி கேட்டேன். இரட்டையர் எங்கே?

அவர் கை முழங்காலிலிருந்து எழுந்தது. பாதியில் நின்றது. திரும்ப முழங்காலுக்கே போனது.

"யாரும் பறக்கலை, முசாவோ. எனக்குப் புள்ளைங்களே கிடையாது."

அப்படியானால் சலோங்கோ?

"காக்வான்னே எழுதுங்க."

பூஜ்யம் போட்டேன். படிவத்தின் கடைசியில், எந்த மருந்தாக இருக்கும் என்று நாங்கள் ஊகித்து எழுத ஓர் இடம் உண்டு. 'புதியது' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினேன்.

மதியம் மசாக்கா பஸ்ஸில் அவர் மனைவி வந்தாள். என் வேலை முடிந்துவிட்டது. இனி யாரிடமும் பேசலாம். நானே அவரை கேட் வரை கூட்டிப் போனேன்.

காவலர் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரைக் கேட்டார்.

"நலோங்கோ."

இரட்டைப் பிள்ளை பெற்றவள். அந்தப் பட்டமும் எனக்குத் தெரியும்.

குழந்தைகள் எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

அவள் உள்ளங்கை மெல்ல உயர்ந்தது. "பறந்துட்டாங்க, முசாவோ. பொறந்து ஒம்பதாம் நாள்."

காவலர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு விளங்கவில்லை என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "நீங்க வடக்கு. எங்கள்ல இரட்டைங்கள செத்துட்டாங்கன்னு சொல்லமாட்டோம்."

இவர் உங்களிடம் சொல்லவில்லையா என்று அவள் கேட்டாள்.

மூன்று முறை சொன்னார் என்றேன்.

காக்வா அவள் கொண்டுவந்த மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி நடந்தார்.

"சலோங்கோ, நில்லுங்க" என்று அவள் கூப்பிட்டாள்.

அவர் திரும்பி முதலில் என்னைப் பார்த்தார். பிறகுதான் நின்றார்.