வேலி தாண்டிய நோய்

"இவன்தான் டாக்டரம்மா! நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ என் பன்னிக் கொட்டகைல பூந்து, நோயப் பரப்பிட்டுப் போனவன்!"

தாவீது கத்தினான். வேலிக்கு அந்தப் பக்கம் ஜெரால்ட் தலைகுனிந்து நின்றான்.

கும்மிடிப்பூண்டி கம்பெனி கேன்டீன்களில் மிஞ்சும் சோற்றைப் போட்டுப் பன்றி வளர்ப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. கழிவுநீர் வாய்க்கால் தகராறில் பேச்சு நின்று இரண்டு வருஷம்.

தாவீது டைபாய்டில் நாலு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியபோது பன்றிகள் வயிறு வாடாமல்தான் இருந்தன. சோறு கொண்டுவரும் கேன்டீன் ஆட்டோக்காரர் கவனித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான். மறுநாளே குட்டிகள் கழிந்து கழிந்து சாக ஆரம்பித்தன. ஒரே வாரத்தில் பதினேழு!

'கொரோனா வகையாம்' என்று யாரோ சொல்ல, தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. மொத்தப் பன்றிகளையும் கொன்று புதைத்துவிடுவார்களோ என்று தாவீது பயந்தான். மகள் ஏஞ்சலின் தும்மினால்கூடப் பதறினான்.

கால்நடை டாக்டர் நர்மதா லேப் ரிப்போர்ட்டைப் பிரித்தார்.

"பயப்படாதீங்க. கொரோனா வகைதான். ஆனா இது பன்னிக்குத்தான் வருது, மனுஷங்களுக்கு வந்ததில்ல. இருக்கிறதைக் கொல்ல வேண்டாம்."

தாவீதுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும்.

"இவன் என் கொட்டகைலருந்து வெளிய வந்தத எதிர்வூட்டு ஹெலன் அக்கா பாத்துக்கினு இருந்துச்சு மேடம். இவன் கொட்டகைலயும் இதே நோயி. இவன் பூட்ஸ்லதான் வந்திருக்கு!"

"பூட்ஸ்லதான் போயிருக்கு. ஆனா இங்கேருந்து அங்க."

"இன்னாது?"

"ரெண்டு கொட்டகை வைரஸோட மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். உங்களோடதுதான் பழசு. அதுலேர்ந்து கொஞ்சம் மாறினதுதான் அவர்கிட்ட இருக்கு. சமீபத்துல வெளியேருந்து குட்டி வாங்கினீங்களா?"

தாவீதின் குரல் இறங்கியது. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு... ஆந்திரா சந்தைல அஞ்சு குட்டி."

"அதுங்க கொண்டுவந்த நோய்தான். பாவம், ஜெரால்டுக்கு ஒரு குட்டிகூட மிஞ்சல."

தாவீது வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்போ நீ இன்னாத்துக்குடா என் கொட்டகைக்கு வந்தே?"

ஜெரால்ட் முதல்முறையாக நிமிர்ந்தான்.

"உன் ஊட்ல எல்லாரும் ஆஸ்பத்திரில இருந்தீங்க. உன் பன்னிங்க பசில கத்திக்கினே கெடந்துச்சு. எனக்கு வந்த சோத்துல பாதியக் கொண்டாந்து போட்டேன். சண்ட நமக்குள்ளதான, அதுங்களுக்கு இன்னா தெரியும்?"